பையர் 'சாப்டர் 11' போட்டால்: ஏற்றுமதி செய்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

எங்கள் பையர், அதாவது சரக்கு வாங்குபவர், ஓர் அமெரிக்கக் கடைத்தொடர். அதற்குத் திருப்பூரிலிருந்து குழந்தைகள் உடுப்பு தைத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். பெயர் வேண்டாம், வழக்கு இன்னும் முடியவில்லை. ஆறு வருடப் பழக்கம். எல்சி (பையரின் பேங்க் தரும் பண உத்தரவாதம்) கிடையாது, ஓப்பன் அக்கவுன்ட்தான், அதாவது சரக்கை முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு பணம் வாங்குவது. 60 நாளில் பணம் வந்துவிடும். அது 75 ஆகி, 90 ஆனது. கேட்டால், "சிஸ்டம் மாத்துறாங்க சார், வந்துரும்" என்றார், நடுவில் நின்று ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் பையிங் ஹவுஸ் பெண். அதே வாரம், அடுத்த சரக்கு ஒரு வாரம் முன்னதாகவே வேண்டும் என்று மெயில் வந்தது.

செய்து கொடுத்தோம். இரண்டு ஞாயிறு வேலை, ராத்திரி ஷிப்ட். அயர்ன் டேபிளில் நின்றவர்களுக்குக் கால் வீங்கிவிட்டது. கன்டெய்னர் தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் கப்பல் மாறி, அவர்கள் குடோனுக்குப் போய்ச் சேர்ந்தது.

சேர்ந்த 24ஆம் நாள் அந்தக் கம்பெனி திவால் மனு போட்டது. அமெரிக்கத் திவால் சட்டத்தின் 'சாப்டர் 11', அதாவது கடையை நடத்திக்கொண்டே கடனைச் சீரமைக்கும் வழி. "மூடலை சார், ரீஆர்கனைசேஷன்தான். பயப்படாதீங்க" என்றார்கள். நானும் நம்பினேன். ஆனால் மனு போட்ட நிமிடத்திலிருந்து பழைய பாக்கியை வசூலிக்கச் சட்டப்படியே தடை வந்துவிடுகிறது. கடை திறந்திருக்கும், நம் துணி விற்கும், நமக்குப் பணம் வராது.

மனுவுக்கு முந்தைய 20 நாளுக்குள் அவர்கள் கைக்குப் போன சரக்குக்கு அமெரிக்கச் சட்டம் தனி முன்னுரிமை தருகிறது. அதற்கு முன் போனது சாதாரணக் கடன், வரிசையில் கடைசி. எங்களுக்கு நான்கு நாள் தவறியது. வழக்கமான தேதியில் அனுப்பியிருந்தால் அந்த 20 நாளுக்குள் வந்திருக்கும். ராத்திரி ஷிப்ட் ஓட்டி மிச்சம் பிடித்த ஒரு வாரம் எங்களையே வெளியே தள்ளியது. திவால் மனு ஒரே நாளில் முடிவாகிற விஷயமில்லை. சரக்கை அவசரப்படுத்தியபோதே அவர்களுக்குத் தெரியும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நாள் கணக்கில் ஒன்று கவனியுங்கள். எஃப்ஓபி (சரக்கு கப்பல் ஏறியதும் நம் பொறுப்பு முடியும் ஒப்பந்தம்) என்பதால் கப்பல் ஏறிய தேதியோடு எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். சீனச் சோபா உற்பத்தியாளர்களின் வழக்கொன்றில், பையர் கைக்குச் சரக்கு நேரில் வந்த நாள்தான் கணக்கு என்று 2017இல் பிலடெல்பியாவிலுள்ள அப்பீல் கோர்ட் தீர்ப்பளித்தது. பெரிய கம்பெனிகள் அதிகம் மனு போடும் டெலாவேர் அந்தக் கோர்ட்டின் கீழ்தான் வருகிறது. குடோனில் இறங்கிய தேதிக்கான காகிதத்தை, சரக்கை அனுப்பிவைக்கும் ஃபார்வர்டரிடம் அன்றைக்கே வாங்கி வையுங்கள்.

மனுவுக்கு முந்தைய 45 நாளுக்குள் போன சரக்கைத் திருப்பிக் கேட்கவும் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கலாம். ஆனால் ஸ்டாக்கை ஏற்கெனவே அடமானம் பிடித்த பேங்குக்குப் பின்னால்தான் நாம். எங்களுக்கு அதில் ஒன்றும் தேறவில்லை.

ஈசிஜிசி பாலிசி (பையர் பணம் தராவிட்டால் ஈடு தரும் அரசு நிறுவனத்தின் காப்பீடு) இருந்தது. ஆனால் அந்தப் பையருக்கு வாங்கியிருந்த லிமிட் பழைய ஆர்டர் அளவுக்குத்தான். ஆர்டர் இரட்டித்தபோது லிமிட்டை உயர்த்தாமல் விட்டது என் தப்பு. பாதிக்கு மேல் காப்பில்லாமல் நின்றது. சரக்கு தயாரிக்க பேங்கில் வாங்கிய பேக்கிங் கிரெடிட் கடனுக்கு வட்டியோ ஓடிக்கொண்டே இருந்தது. டையிங்காரருக்கும் பிரிண்டிங்காரருக்கும் ஏழு மாதம் தவணையாகக் கொடுத்தேன். அந்தத் தீபாவளிக்குப் போனஸைப் பாதியாகத்தான் போட முடிந்தது. இன்றுவரை அது உறுத்துகிறது.

மனுவுக்குப் பிறகு, "இனிமேல் அனுப்பும் சரக்குக்கு முதல் முன்னுரிமை" என்று புது ஆர்டர் தருவார்கள். அதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். அமெரிக்கப் பொம்மைக் கடைத்தொடரான டாய்ஸ் ஆர் அஸ் 2017 செப்டம்பரில் மனு போட்டது. 2018 மார்ச்சில் கடைகளை மூடி விற்க முடிவெடுத்தது. நடுவில் நம்பி அனுப்பியவர்களுக்கும் முழுப் பணம் கிடைக்கவில்லை. அட்வான்ஸ் வந்தால் மட்டும் துணியை வெட்டுங்கள்.

பாக்கியைக் கோர்ட்டில் பதிவு செய்யக் கடைசித் தேதி ஒன்று உண்டு. அதைத் தவறவிட்டால் கடைசி வரிசை இடமும் போய்விடலாம். பதிவு செய்ததும், உங்களுக்கு வரவேண்டிய பாக்கியை டாலருக்குச் சில சென்ட் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம் என்று கடிதங்கள் வரும். எனக்கு மூன்று வந்தன.

அப்புறம், ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து, திவால் தரப்பிலிருந்து இன்னொரு கடிதம். மனுவுக்கு முந்தைய 90 நாளில் எங்களுக்கு வந்த பணம், பணம் வரவேண்டிய மற்றவர்களை முந்தி வந்தது என்று அதைத் திருப்பிக் கட்டச் சொல்லி. ஆமாம், எங்கள் சரக்குக்கு அவர்கள் கொடுத்த பணத்தையே. அது வழக்கமான முறையில் வந்த பணம் என்றோ, பணம் வாங்கியபின் புதுச் சரக்கு அனுப்பினோம் என்றோ காட்டினால் தப்பிக்க வழியுண்டு. அதற்காக இப்போது நானும் அக்கவுன்டன்டும் ஆறு வருட இன்வாய்ஸ்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பணம் எத்தனை நாளில் வந்தது என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். பழைய மெயில், பேக்கிங் லிஸ்ட் எதையும் அழித்துவிடாதீர்கள்.