கச்சான் காற்றும் ஒல்லி அம்பும்: மூன்றரை வருடப் பயன்பாட்டு அனுபவம்

உச்சிப்புளிக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பில்தான் வில் எய்து பழகுகிறேன். தெற்கே நின்று வடக்கே எய்யும்படி 60 மீட்டர் நீளம் கிடைத்தது. திசையை நான் தேர்ந்தெடுக்கவில்லை, தோப்பு அப்படி. அதனால் ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் என்கிற மேற்குக் காற்று இடது தோளில் அறையும். மார்கழியில் வாடை வலது கன்னத்தில் அடிக்கும். வில்லோடு தோப்புக்குக் கிளம்பும் முன் பக்கத்து வீட்டு மீனவச் சித்தப்பாவிடம் கேட்டுவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. "கச்சான் இன்னும் அடங்கலடா, இன்னிக்கு எதுக்கு அம்பைத் தொலைக்கிற?" என்பார். அவர் சொன்னால் போட்டும் கடலுக்குப் போகாது, என் வில்லும் பையை விட்டு வெளியே வராது.

வில் காம்பவுண்ட், அதாவது முனைகளில் கப்பி வைத்த வகை; இழுப்பு விசை 55 பவுண்டு, இழுப்பு நீளம் 28 அங்குலம். முதலில் வாங்கியது சாதாரண 6.2 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட கார்பன் ஷாஃப்ட், அதாவது அம்பின் தண்டு. கடைக்காரர் கொடுத்தார், வாங்கினேன். காற்றில்லாத காலையில் 50 மீட்டரில் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்துக்குள் விழுந்த அம்பு, பதினோரு மணிக்குக் கச்சான் எழுந்ததும் ஒரு சாண் வலது பக்கம் நகர்ந்து நிற்கும். காம்பவுண்ட் போட்டியில் 50 மீட்டருக்கு 80 சென்டிமீட்டர் இலக்குத் தாள், அதில் பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் 8 சென்டிமீட்டர்தான். ஒரு சாண் நகர்ந்தால் என்ன மிச்சம் இருக்கும்?

அங்கேதான் ஒல்லி ஷாஃப்ட் ஆசை வந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் காலத்திலிருந்து ரிகர்வ் (கப்பி இல்லாத வில்) வீரர்கள் கையில் இருக்கும் ஈஸ்டன் எக்ஸ்10 அம்பு ஒல்லியாக இருப்பதற்கும் பெரிய காரணம் காற்றுதான். காற்று தள்ளுவதற்குக் கிடைக்கும் பக்கவாட்டுப் பரப்பு குறைவு. சாதாரண ஷாஃப்ட்டின் வெளிவிட்டம் ஏழரை மில்லிமீட்டர் அளவில் வரும். 4 மில்லி உள்விட்டம் என்று விற்கும் ஷாஃப்ட்டின் வெளிவிட்டம் ஆறுக்கும் குறைவு. குயின்ஸ்லாந்தில் வேலை பார்க்கும் மச்சான் ஊருக்கு வந்தபோது ஒரு டஜன் 4 மில்லி கொண்டுவந்தார். அவர் அங்கே காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவர். பண்ணைக்காரரின் அனுமதி இருந்தால் அங்கே அது சட்டப்படி சரி, பயிரைத் தோண்டிப் போடும் பன்றியை யாரும் விரும்புவதும் இல்லை. இங்கே கதை வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வில்லோ துப்பாக்கியோ, வேட்டை வேட்டைதான். அதனால் ஊரில் எனக்கு ஃபீல்ட் பாயின்ட் என்ற உருண்டை முனை மட்டுமே. பிராட்ஹெட் என்ற, கூரிய இலைகள் கொண்ட வேட்டை முனையின் அனுபவம் முழுக்க மச்சான் வீட்டில் ஆறு வாரம் தங்கியபோது கிடைத்தது.

முதல் ஆறு மாதம் 4 மில்லியைப் புகழாத நாள் இல்லை. அதே கச்சானில் ஒரு சாண் நகர்ந்த அம்பு இப்போது நாலு விரல் குறைவாக நகர்ந்தது. மாயம் ஒன்றும் இல்லை. காற்று தள்ளத்தான் செய்யும், கொஞ்சம் குறைவாகத் தள்ளும். ஆனால் இலக்குப் பலகையில் முன்பைவிட ஆழமாக இறங்கியது. பலகைக்குப் பின்னால் தடுப்பாகப் பழைய மீன்வலையை இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டிருந்தேன். பழைய தடித்த அம்பு அதில் சிக்கி நிற்கும். ஒல்லி அம்பு வலைக்கண்ணில் நுழைந்து, சிறகை மட்டும் வலையிடம் கொடுத்துவிட்டு, சீமைக் கருவேலங்காட்டுக்குப் போய்விடும். அந்த முள்ளுக்குள் மூன்று அம்பு போனது. தேடப்போய்க் கையில் கீறல் வாங்கியதுதான் மிச்சம்.

இனி இந்தப் பகிர்வை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஷாஃப்ட் வாங்கும்போது எல்லோரும் விட்டத்தையும் ஸ்பைன் என்ற விறைப்பு அளவையும் பார்க்கிறார்கள். முனை எதில் சேர்கிறது என்று பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

பிராட்ஹெட், ஃபீல்ட் பாயின்ட் இரண்டின் திருகுமரையும் பெரும்பாலும் 8-32 என்ற அளவு. அந்தத் திருகின் விட்டமே 0.164 அங்குலம். 4 மில்லி ஷாஃப்ட்டின் உள்விட்டம் 0.166. திருகையும் அதைப் பிடிக்கும் இன்சர்ட் என்ற உலோகக் குழாயையும் சேர்த்து இந்தத் துளைக்குள் நுழைக்க இடமே இல்லை. அதனால்தான் ஹாஃப்-அவுட் என்று ஒன்று: பாதி ஷாஃப்ட்டுக்குள்ளே, மரை உள்ள மீதிப் பாதி வெளியே. முனையைத் தாங்கும் பாரம் முழுக்க ஷாஃப்ட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன உலோகத்தின் மேல். 5 மில்லி என்று விற்பதன் உள்விட்டம் 0.204 அங்குலம். அதில் 8-32 மரையுள்ள இன்சர்ட் முழுதாக உள்ளே போய் ஒளிந்துகொள்ளும், முனையின் கழுத்து கார்பனுக்குள்ளேயே உட்காரும். ஒரு மில்லி வித்தியாசம்தான். அந்த ஒரு மில்லியில் எத்தனை விஷயம் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரிய இரண்டு வருடம் ஆனது.

என்னுடைய ஹாஃப்-அவுட் அலுமினியம். எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் எங்கள் வீடு கடலிலிருந்து நடக்கிற தூரம். இரும்பு ஜன்னல் கம்பி இரண்டு வருடத்தில் செதில் செதிலாக உதிரும் ஊர். கார்பன் மின்சாரம் கடத்தும் பொருள். அதோடு அலுமினியம் ஒட்டியிருந்து, நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்தால் பாட்டரி மாதிரி வேலை நடந்து அலுமினியம் அரித்துப்போகும். எனக்கு நடந்தது அதுவே. ஹாஃப்-அவுட்டின் வாயோரத்தில் வெள்ளைப் பொடி பூத்தது. துடைத்துவிட்டு எய்துகொண்டே இருந்தேன். ஃபீல்ட் பாயின்ட்டில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை, அம்பு போக வேண்டிய இடத்துக்குப் போனது.

குயின்ஸ்லாந்துக்கு அதே அம்புகளைச் செக்-இன் பெட்டியில் கொண்டுபோனேன். மச்சான் 125 கிரெய்ன் (எட்டு கிராம்) எடையில் மூன்று இலை நிலைத்த பிராட்ஹெட் மாட்டிக் கொடுத்தார். 30 மீட்டரில் ஃபீல்ட் பாயின்ட் மூன்றும் ஒரு உள்ளங்கைக்குள். பிராட்ஹெட் ஒன்று அரை அடி இடது, ஒன்று கீழே, ஒன்று பலகையின் ஓரம். வில்லைத்தான் சந்தேகப்பட்டேன். மச்சான் அம்பை நகத்தின் மேல் நிறுத்திச் சுழற்றிக் காட்டினார். முனை தள்ளாடியது. "மாப்ள, வில்லு நல்லாத்தான் இருக்கு. கழுத்து கோணிக்கிட்டு நிக்குது பாரு" என்றார். கழுத்து என்று அவர் சொன்னது அந்த அரித்துப்போன ஹாஃப்-அவுட்டை.

நிலைத்த இலை பிராட்ஹெட் என்பது அம்பின் முன்பக்கம் மாட்டிய இறக்கை. பின்னால் இருக்கும் சிறகு அம்பை நேராக்கப் பார்க்கும். முன்னிறக்கை ஒரு மயிரிழை கோணலாக இருந்தாலும் அதற்கு எதிராக இழுக்கும். உருண்டை முனைக்கு இந்தச் சிக்கலே இல்லை. அதனால்தான் ஊரில் இரண்டு வருடமாக அந்தக் கோணல் என் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது.

விரியும் வகை பிராட்ஹெட் மாட்டினால் இந்தத் தொல்லை பெருமளவு மறைந்துவிடும், பறக்கும்போது இலை மடங்கியே இருப்பதால். இரண்டு நாள் அதை மாட்டிப் பழகினேன், நன்றாகவே போனது. ஆனால் மச்சான் பன்றிக்கு அதை எடுப்பதில்லை. வயதான ஆண் பன்றியின் தோள் மேல் கெட்டியான நார்த்தோல் ஒன்று கவசம் மாதிரி இருக்கும். இலையை விரிக்கவே அம்பின் வேகத்தில் ஒரு பங்கு செலவாகிவிட்டால், 55 பவுண்டு வில்லில் உள்ளே போக மிச்சம் குறைவு. 70 பவுண்டு இழுப்பவருக்கு அந்தக் கணக்கு வேறாக இருக்கலாம். என் வில்லுக்கு இரண்டு இலை நிலைத்த பிராட்ஹெட்தான் சரி என்று முடிவு செய்தோம். இரண்டு இலைக்குக் காற்றில் இறக்கைப் பரப்பும் கொஞ்சம் குறைவு. தீட்டுவதும் எளிது, அரிவாள் தீட்டத் தெரிந்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அங்கேயே 5 மில்லி ஷாஃப்ட்டுக்கு மாறினேன். ஸ்பைன் பற்றி ஒரு வார்த்தை. ஷாஃப்ட்டில் 340 என்று அச்சிட்டிருந்தால், 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் வைத்து நடுவில் 880 கிராம் தொங்கவிடும்போது 0.340 அங்குலம் வளைகிறது என்று அர்த்தம். எண் குறைந்தால் விறைப்பு கூடும். முன்னால் எடை கூட்டக் கூட, எய்யும்போது ஷாஃப்ட் அதிகம் வளையும். 100 கிரெய்ன் முனைக்கு எனக்கு 400 போதுமாக இருந்தது. பித்தளை இன்சர்ட்டும் 125 கிரெய்ன் முனையும் சேர்ந்ததும் 340க்குப் போக வேண்டியதாயிற்று. மொத்த அம்பு 470 கிரெய்ன், அதாவது 30 கிராம் சொச்சம். முன்பைவிட மெதுவாகப் போகிறது, வில்லின் சத்தமும் குறைந்திருக்கிறது. பன்றி எய்தேனா என்று கேட்பீர்கள். இரண்டு முறை கூடப் போனேன். ஒரு முறை காற்று திரும்பிப் பன்றிக்கு எங்கள் வாசம் போய்விட்டது. இன்னொரு முறை மச்சான் எய்தார்.

ஊர் திரும்பிய பிறகு ஒன்றரை வருடமாக இதே 5 மில்லிதான். கச்சானில் 4 மில்லி அளவுக்கு நிற்கவில்லை, ஒரு விரல் அகலம் கூடுதலாக நகர்கிறது. அது கண்ணுக்குத் தெரிகிற நகர்வு, அளந்து தள்ளிக் குறிவைக்க முடிகிறது. இன்சர்ட்டை ஒட்டியது எப்பாக்ஸி பசையால். முன்பு சூட்டில் உருகும் பசை போட்டிருந்தேன். சித்திரை வெயிலில் காருக்குள் அம்புப் பையை வைத்துவிட்டுத் தோப்புக்குப் போன அன்று, அம்பை உருவினால் முனை பலகையிலேயே தங்கிவிட்டது. எப்பாக்ஸியில் ஒரு குறை, இன்சர்ட்டைக் கழற்ற முடியாது. சூடு காட்டினால் கார்பனின் பிசினும் சேர்ந்து கெடும். அந்த ஷாஃப்ட் போனது போனதுதான் என்று நினைத்து ஒட்ட வேண்டும்.

மாலையில் எய்து முடித்ததும் இன்சர்ட் வாயை நல்ல தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து, காயவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. இரும்பு உருண்டை முனையை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றிவிட்டேன். எய்வதற்கு முன் ஒவ்வொரு ஷாஃப்ட்டையும் காதருகில் வைத்து வளைத்து, முறுக்கிப் பார்ப்பேன். 'சர்ரக்' என்று சின்னச் சத்தம் வந்தாலும் அன்றே உடைத்துப் போட்டுவிடுவது. விரிசல் விட்ட கார்பன் அம்பு எய்யும்போது பிளந்தால், சிம்பு வில் பிடித்த கைக்குள்தான் இறங்கும். இதில் மட்டும் யாரும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மிச்சமிருக்கும் ஒன்பது 4 மில்லி அம்பையும் தூக்கி எறியவில்லை. ஷாஃப்ட் இன்னும் நேராகத்தான் இருக்கிறது, கெட்டது கழுத்து மட்டும். அடுத்த மாதம் மச்சான் வருகிறார். ஒரு டஜன் ஸ்டெயின்லெஸ் ஹாஃப்-அவுட் கேட்டிருக்கிறேன். எடை கூடுவதால் 400 ஸ்பைன் தாங்குமா என்பதை ஆடிக் காற்றில் பார்த்துவிட வேண்டும். பின்னால் தொங்க, கண் சின்னதாக இருக்கும் வலை ஒன்று தருவதாகச் சித்தப்பா சொல்லியிருக்கிறார்.