திருப்பூர் ஓரத்து ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி: 5க்கு மூன்றரை

அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பனியன் கம்பெனிகளுக்கு நடுவில் இருக்கிற சின்னப் பள்ளி. ஒன்றிலிருந்து எட்டு வரை. என் பையன் ஆறாம் வகுப்பில் சேர்ந்தான், இப்போது எட்டு. குறையும் சொல்லப்போவதால் பள்ளியின் பெயரைப் போடவில்லை, இதே மாதிரிப் பள்ளிகள் திருப்பூரைச் சுற்றி நிறைய இருக்கின்றன, படிப்பவர்கள் தங்கள் ஊருக்குப் பொருத்திக்கொள்ளலாம்.

எல்லோரும் முதலில் கேட்பது, "ரிசல்ட் எப்படிங்க?" ரிசல்ட் என்று ஒன்று இங்கே கிடையாது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் ஆல் பாஸை எடுத்தபோதும் தமிழ்நாடு எட்டு வரை அதை விடவில்லை. முதல் பொதுத்தேர்வே பத்தில்தான். யூடைஸ் எண்ணை, அதாவது ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு கொடுத்திருக்கிற, இங்கே 33இல் ஆரம்பிக்கும் 11 இலக்கத்தை, இணையத்தில் தட்டினால் எத்தனை பையன்கள், எத்தனை பெண்கள், எத்தனை ஆசிரியர், எத்தனை கழிப்பறை எல்லாம் வரும். பிள்ளைக்கு நாலு வரி தடுக்காமல் வாசிக்க வருமா என்பது மட்டும் வராது.

வெளியிலிருந்து வைக்கிற ஓர் அளவுகோல் எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு. தேறினால் ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய். ஆனால் அதிலும் ஏமாறக் கூடாது. வகுப்பில் மொத்தமே பத்துப் பேர் என்றால் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை தேறினாலே 10 சதவீதம், அடுத்த வருடம் அந்த மாதிரி ஒருவர் இல்லையென்றால் பூஜ்யம். வாத்தியார்கள் அதே ஆட்கள்தான். பக்கத்து ஊர்ப் பள்ளியில் மூணு பேர் தேறினார்கள் என்று பிள்ளையை அங்கே மாற்றிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் சொல்வதற்கில்லை.

அதைவிட யார் படிக்கிறார்கள் என்று பாருங்கள். ஹெச்.எம். அறைப் பலகையில் பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. என்று இனவாரியாக எண்ணிக்கை எழுதியிருக்கும், ஆனால் இந்தப் பள்ளியின் கதை அந்தக் கட்டங்களில் இல்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் கொஞ்சம், தையலுக்கும் செக்கிங்குக்கும் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் நிறைய, அப்புறம் ஒடிசா, பீகார் பிள்ளைகள். ஆர்டர் குறைந்தாலோ வீட்டு வாடகை ஏறினாலோ அப்பா அம்மா கிளம்பிவிடுவார்கள், டி.சி. வாங்குவதுகூட அப்புறம்தான். ஏழாம் வகுப்பில் ஒரு ஒடிசாப் பெண் பின்னக் கணக்கைக் கரும்பலகையில் கடகடவென்று போட்டதை நானே ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். அதே கணக்கைப் புத்தகத்தில் தமிழில் வாசிக்கச் சொன்னபோது எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பெண்ணின் மார்க்கைப் பார்த்து யாரை எடை போடுவது?

ஆசிரியர் விஷயம்தான் முக்கியம். ஒன்றிலிருந்து ஐந்து வரை மொத்தம் 60 பிள்ளைகள் வரை என்றால் சட்டப்படி இரண்டு ஆசிரியர்தான். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர்! அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு, பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்காரவைக்கிறார்கள், முறை நல்ல முறைதான், ஆனால் ஒரு டீச்சர் பாதி நேரம் போனில் எமிஸ் என்ற அரசுத் தளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவு போட்டுக்கொண்டிருந்தால் அரும்பு எப்படி மொட்டாகும். ஆறு முதல் எட்டு வரை கதை வேறு. பாடத்துக்கென்று பட்டதாரி ஆசிரியர்கள், பிள்ளைகளும் குறைவு, கணக்கு டீச்சருக்கு ஒவ்வொருவரும் எந்தப் படியில் தப்பு பண்ணுவார்கள் என்று தெரியும். என் பையனின் நோட்டில் "கழித்தல் குறியை மறுபடி விட்டாய்" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. முன்பு படித்த தனியார் பள்ளியில் டிக் மட்டும்தான் இருக்கும், தப்பான விடைக்கும் சேர்த்து. ஆகஸ்ட் 1ஆம் தேதி எண்ணிக்கையை வைத்துப் பணியிடம் நிர்ணயிப்பார்கள், அன்றைக்குப் பிள்ளைகள் குறைந்தால் பணி நிரவலில், அதாவது உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றுவதில், அந்த டீச்சரே போய்விடலாம். எனக்கு இருக்கிற பெரிய பயம் இதுதான்.

சாப்பாடு பரவாயில்லை, மதியம் முட்டை ஒழுங்காக வருகிறது. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான், அதனால் தம்பி உள்ளே பொங்கல் சாப்பிட ஆறாவது படிக்கும் அக்கா வாசலில் நிற்பாள், பல நாள் வீட்டிலும் சாப்பிட்டிருக்க மாட்டாள். இது பள்ளியின் குற்றமில்லை. பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வராதது பள்ளியின் குற்றம்தான். மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொன்னோம், தீர்மானம் எழுதினார்கள், மோட்டார் இன்னும் ஓடவில்லை. அதற்காகவே ஒரு மார்க் கழித்தேன்.

என் கருத்து: ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதானால் வீட்டில் தினமும் உட்கார்ந்து வாசிக்கவைக்க ஆள் இருக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் சேர்ப்பதானால் தயங்க வேண்டாம். மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும், கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களுக்கும் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிப் படிப்பு கணக்கு. ஏழில் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். ஒன்பதுக்கு வேறு பள்ளிக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கும், அதையும் இப்போதே விசாரித்துவிடுங்கள். சேர்ப்பதற்கு முன் ஒரு சாதாரண நாளில் போய், ஹெச்.எம்.மிடம் கேட்டுக்கொண்டு, எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளையிடம் அன்றைய செய்தித்தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.