ஐந்து நட்சத்திரத்தை நம்பி முப்பத்திரண்டாயிரம் போனது: இணையக் கடை நடத்துகிறவர்கள் படித்துவிடுங்கள்

முப்பத்திரண்டாயிரம். இணையத்தில் பை விற்கும் எங்கள் சின்னக் கடைக்கு அது சில்லறைக் காசு இல்லை. பணம் போனதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இப்போது ஆர்டர் உறுதி மெயில்கூட வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டியில் போய் விழுகிறது. காசு கட்டியவர்கள், "ஆர்டர் போச்சா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தளத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதப்போவதில்லை. வகையைச் சொன்னாலே புரியும். ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவர்களையும் வேலை கொடுப்பவர்களையும் சேர்த்துவைத்து, பணத்தை நடுவில் பிடித்துவைக்கும் சந்தைத் தளம். அதில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஒரு குழு 'சிறு கடைகளுக்கான வளர்ச்சி பேக்கேஜ்' என்று ஒன்றை விற்கிறது. 10,000 பார்வையாளர்கள், 500 பேக்லிங்க் (வேறு தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்புகள்), 15 தேடல் சொற்களுக்குக் கூகுளில் முதல் பக்கம், ஒரு லட்சம் பேருக்கு மெயில். எல்லாம் சேர்த்து முப்பத்திரண்டாயிரம், மூன்று தவணை. நான்கிலும் என்ன மோசடி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். குறைந்த செலவில் உருப்படியாக என்ன செய்யலாம் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

முதலில், நம்பவைத்த விதம். அடுத்தவருக்கும் அதே இடத்தில்தான் வலை விரிப்பார்கள். காசைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே இலவசமாக ஒரு ஆடிட் ரிப்போர்ட் அனுப்பினார்கள். கடை லோகோ போட்டு, கலர் கலராக வரைபடங்களோடு, நாற்பது பக்கம். அதில் இருந்தது அத்தனையும் உண்மை. எல்லாப் பொருள் பக்கங்களுக்கும் ஒரே டைட்டில். முகப்பில் இருந்த படம் 4 எம்பி. மொபைலில் அந்தப் பெரிய படம் தெரிய 6 விநாடிக்கு மேல். கூகுள் 'நன்று' என்று ஒப்புக்கொள்வது 2.5 விநாடி வரைதான். போனில் பேசியவர் அவசரப்படவே இல்லை. "இந்தப் படத்தை முதல்ல சுருக்கிடுங்க சார், அதுக்கெல்லாம் நாங்க காசு வாங்குறதில்ல" என்றார். காசு வேண்டாம் என்று சொல்கிற ஆளை யாருக்குத்தான் சந்தேகப்படத் தோன்றும்? நம்பிக்கை வந்தது அந்த ஒரு வரியில்தான். முதல் தவணை அன்றே போனது.

அந்த ரிப்போர்ட்டின் மதிப்பு என்ன தெரியுமா? எந்தத் தளத்தின் முகவரியைக் கொடுத்தாலும் தானியங்கிக் கருவிகள் சில நிமிடத்தில் அதே மாதிரி நாற்பது பக்கம் துப்பும். கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் கருவியில் உங்கள் முகவரியை நீங்களே போட்டுப் பாருங்கள். அதே படக் குறை, அதே விநாடிக் கணக்கு, பைசா செலவில்லாமல் வரும். குறையைக் கண்டுபிடித்தது கருவி. அதைக் காட்டியவருக்குத் தொழில் தெரியும் என்பதற்கு அது சாட்சியே ஆகாது.

இனி 10,000 பார்வையாளர்கள். எண்ணிக்கை நிஜமாகவே ஏறியது. தளத்துக்கு வருகிறவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸில் கோடு செங்குத்தாக எழும்பியது, அவர்களும் உடனே ஸ்கிரீன்ஷாட் அனுப்பிவிட்டார்கள். ஆனால் கோட்டைப் பார்க்கக்கூடாது, அதன் கீழே இருக்கும் அட்டவணையின் பத்திகளைப் பார்க்க வேண்டும். அந்த அனலிட்டிக்ஸின் பதிப்பான ஜிஏ4 கணக்கில் ஒரு வருகை 10 விநாடிக்கு மேல் நீடித்தால், அல்லது இரண்டு பக்கம் பார்க்கப்பட்டால், அல்லது வாங்குதல் போன்ற முக்கிய நிகழ்வு நடந்தால்தான் அது 'ஈடுபாடுள்ள வருகை'. இந்த 10,000 பேரில் அப்படி ஒருவரும் இல்லை. சராசரி நேரம் பூஜ்ஜியம். எல்லோருடைய திரை அளவும் 800 × 600, எல்லோரும் ஒரே பிரவுசர் பதிப்பு. வருகைகளைப் பதிந்துவைக்கும் சர்வர் லாகைத் திறந்தால் ஐபி முகவரிகள் வரிசையாக டேட்டா சென்டர்களுடையவை. வீட்டு இணைப்பிலிருந்தோ மொபைலிலிருந்தோ மனிதர் யாரும் வரவில்லை. பெயர் தெரிந்த பாட்களை (தானாகவே பக்கங்களைத் திறக்கும் நிரல்கள்) ஜிஏ4 தானாகவே கழித்துவிடும். இவை திரையில் எதையும் காட்டாமல் நிரலே இயக்கும் குரோம் பிரவுசரில் ஓடுபவை, பெயர் சொல்லிக்கொண்டு வருவதில்லை, அதனால் தப்பிவிடுகின்றன.

'சரி, பாட்தானே, வந்துவிட்டுப் போகட்டும்' என்று விட முடியாது. மாதம் 2,000 பேர் வந்து 40 ஆர்டர் விழுந்தால் விற்பனை விகிதம் 2 சதவீதம். அதில் 10,000 பொய் வருகையைக் கலந்தால் அதே 40 ஆர்டருக்கு விகிதம் 0.33 ஆகிவிடும். இந்த எண்ணை நம்பி விலையைக் குறைத்தால், பக்கத்தை மாற்றினால், எல்லாமே தப்பான முடிவு. அந்த மாதத்துக் கணக்கைக் குப்பையில்தான் போட வேண்டும்.

500 பேக்லிங்க் ஒரு ஷீட்டில் வந்தது. பக்கத்தில் 'டொமைன் அத்தாரிட்டி 60', '72' என்று எண்கள். அந்த எண் கூகுளுடையது இல்லை. வெளி நிறுவனம் ஒன்று தன் கருவிக்காகக் கணக்கிடுவது, தரவரிசைக்குக் கூகுள் அதைப் பார்ப்பதில்லை. காலாவதியான பழைய டொமைனை வாங்கி அந்த எண்ணைக் காட்டுவது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம். ஷீட்டில் இருந்த முகவரிகளைத் திறந்தால் பாதி யாரோ பதிந்துவிட்டுப் போன புரொஃபைல் பக்கங்கள், மீதி சூதாட்டத்துக்கும் கடனுக்கும் நடுவில் நம் பையைச் செருகிய கட்டுரைகள். எல்லா இணைப்பிலும் எழுத்துப் பிசகாமல் ஒரே ஆங்கர் வாசகம் (இணைப்பில் கிளிக் செய்யும் சொற்கள்). முகவரிக்கு முன்னால் 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் இடைவெளி விடாமல் சேர்த்துக் கூகுளில் தேடிப் பாருங்கள். பக்கம் வரவில்லை என்றால் பெரும்பாலும் அது கூகுள் அட்டவணையிலேயே இல்லை. இல்லாத பக்கத்திலிருந்து வரும் இணைப்பால் என்ன பயன்? தரவரிசைக்காக இணைப்பை விலைக்கு வாங்குவது கூகுளின் ஸ்பேம் விதிக்கு எதிரானது. 2012-இல் கூகுளின் தேடல் அல்காரிதத்தில் பெங்குவின் அப்டேட் வந்ததே இதைப் பிடிக்கத்தான். 2016 முதல் அது மைய அல்காரிதத்தின் பகுதி. குப்பை இணைப்பை அது பெரும்பாலும் மதிப்பில்லாமல் ஆக்கிவிடுகிறது. அதற்கு மேலும் மிஞ்சினால் கூகுள் ஆட்களே பார்த்துத் தண்டனையாக மேனுவல் ஆக்‌ஷன் எடுப்பார்கள், அது தளச் சொந்தக்காரர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் தெரியும்.

15 தேடல் சொற்கள், முதல் பக்கம். இது அப்பட்டமான ஏமாற்று. பாதிச் சொற்களில் கடையின் பெயரே இருக்கிறது. கடைப் பெயரைத் தேடினால் கடை வராமல் வேறு என்ன வரும்? மீதி, ஏழெட்டுச் சொல் நீளமுள்ள, மனிதர் யாரும் தேடாத வாசகங்கள். சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையில் இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் எத்தனை முறை தென்பட்டது) பத்தியைப் பாருங்கள்: பூஜ்ஜியம். முதலிடத்துக்கு உத்தரவாதம் தர யாராலும் முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது.

இனி மெயில். உண்மையான சேதம் இங்கேதான். ஒரு லட்சம் பேர் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு "டார்கெட்டட் டேட்டா சார்" என்று மட்டும் பதில். 'உங்கள் டொமைனிலிருந்து போனால்தான் நம்புவார்கள்' என்று சொல்லி, டொமைனின் அமைப்புகள் இருக்கும் டிஎன்எஸ் பலகத்தில் ஒரு டிஎக்ஸ்டி வரியைச் சேர்த்துவிட்டார்கள். அது எஸ்பிஎஃப் வரி. இந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் வரி. ஏற்கெனவே கடைக்கு ஒரு எஸ்பிஎஃப் வரி இருந்தது, ஆர்டர் மெயில் அனுப்பும் சேவைக்காக. பழைய வரிக்குள்ளேயே புது சர்வரைச் சேர்க்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் பெறும் சர்வர் எதையும் எடுத்துக்கொள்ளாது, 'பெர்ம்எரர்' என்று குறித்துவிடும். அப்போது இவர்கள் அனுப்பிய குப்பை மட்டும் அடிபடுவதில்லை, கடையின் சொந்த ஆர்டர் மெயிலும் எஸ்பிஎஃப் சோதனையில் தோற்றுவிடும். ஜிமெயிலில் ஒரு மெயிலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்தினால் மெயில் உண்மையில் அந்த டொமைனுடையதுதானா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று சோதனைகளின் முடிவும் தெரியும். பழுது கண்ணில் பட்டது அங்கேதான்.

இதன் மேல் புகார் வேறு. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்று சோதனைகளும் கட்டாயம். விளம்பர மெயிலில் ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் வேண்டும். ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது, 0.1-க்குக் கீழே இருப்பது நல்லது என்கிறார்கள். அதாவது இன்பாக்ஸில் போய்ச் சேரும் ஆயிரம் மெயிலுக்கு மூன்று பேர் 'ஸ்பேம்' அழுத்தினால் போதும், எல்லை தொட்டாயிற்று. முன்பின் தெரியாத ஒரு லட்சம் பேரில் ஆயிரத்துக்கு மூன்று பேர் அழுத்தமாட்டார்களா? விலைக்கு வாங்கும் பட்டியல்களில் செத்த முகவரிகளும் ஏராளம், ஸ்பேமரைப் பிடிக்கவென்றே வைத்த பொறி முகவரிகளும் இருக்கும். எஸ்பிஎஃப் வரியைப் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். டொமைனின் மதிப்பு அப்படித் திரும்பாது. மெயிலை விரும்பித் திறக்கிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பித்தான் மீட்க வேண்டும். முப்பத்திரண்டாயிரம் கொடுத்து வாங்கிய வளர்ச்சி இது!

இன்னும் ஒன்று. எங்கள் கடைப் பக்கத்தின் அடிப்பகுதி டெம்ப்ளேட்டில், திரைக்கு வெளியே 9999 பிக்சல் இடதுபுறம் தள்ளிய ஒரு பெட்டி. அதற்குள் வேறு யாருடைய கடைகளுக்கோ இணைப்புகள். எங்களுக்கு விற்ற 'பேக்லிங்க்' எப்படித் தயாராகிறது என்று அதைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. ஒரு வாடிக்கையாளரின் தளத்தில் அடுத்த வாடிக்கையாளரின் இணைப்பை ஒளித்துவைக்கிறார்கள். மறைத்த இணைப்பும் கூகுள் விதிக்கு எதிரானதுதான், தண்டனை வந்தால் தளத்தின் சொந்தக்காரர் தலையில்தான் விடியும்.

கேட்டதற்கு வந்த பதில்கள்: "கூகுள் அப்டேட் ஓடிட்டிருக்கு சார், செட்டில் ஆகட்டும்." "எஸ்இஓ-ன்னா ஆறு மாசம் பொறுக்கணும்." "டிராஃபிக் கொடுக்குறதுதான் எங்க வேலை, வாங்க வைக்கிறது உங்க பேஜோட வேலை." "டெக்னிக்கல் டீம் லீவு." போனில் இவ்வளவு நிதானமாகப் பேசிய அதே ஆள், எஸ்பிஎஃப் பற்றிக் கேட்டதும் மெசேஜைப் பார்த்துவிட்டுப் பதிலே போடவில்லை. மூன்றாம் தவணைக்கு மட்டும் மறுபடி வாய் திறந்தார். "இப்ப அக்செப்ட் பண்ணிடுங்க சார், திருத்தம் எல்லாம் அப்புறம் ஃப்ரீயா பண்ணித் தர்றோம்." அக்செப்ட் ஆனதும் நடுவில் இருந்த பணம் அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. அதன் பிறகு திருத்தமும் இல்லை, ஆளும் இல்லை.

சந்தைத் தளத்தின் உதவிப் பிரிவு அதைவிட மோசம். 'விற்பனையாளர் விவரத்தில் சொன்னதை டெலிவர் செய்திருக்கிறார்' என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஒட்டினார்கள். 10,000 வருகை என்று போட்டிருந்தது, 10,000 வந்தது. வருகிறவர் மனிதராக இருக்க வேண்டும் என்று விவரத்தில் எங்கும் இல்லையாம்! முப்பத்திரண்டாயிரத்தில் ஒரு பைசா திரும்பவில்லை.

குறைந்த செலவில் என்ன செய்யலாம் என்று எழுதுவதாகச் சொன்னேன். இன்றைக்கு உட்கார்ந்து அதை எழுதும் நிலையில் இல்லை. அவசரத்துக்குச் சில.

பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள், தேவையான அளவு உரிமையோடு அவர்கள் மெயிலைப் பயனராகச் சேர்த்தால் போதும். டொமைன், விளம்பரக் கணக்கு, அனலிட்டிக்ஸ் எல்லாம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். சர்ச் கன்சோலில் அவர்களை நீக்கும்போது, உரிமையைச் சரிபார்க்க அவர்கள் போட்ட கோப்பையும் டிஎக்ஸ்டி வரியையும் சேர்த்து அழியுங்கள். அது கிடந்தால் மறுபடி உரிமையாளராக நுழைந்துவிடலாம். டிஎன்எஸ்ஸில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். விளம்பர மெயிலைத் துணை டொமைனிலிருந்து, வாங்கியவர்களில் சம்மதம் சொன்னவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டும் தனி யூடிஎம் இணைப்பு கொடுத்து, வருகையை விட்டுவிட்டு ஆர்டரை எண்ணுங்கள். டைட்டிலை நீங்களே எழுதுங்கள்: பொருள், துணி, அளவு. பேச்சு முழுவதும் சந்தைத் தளத்தின் சாட்டிலேயே நடக்கட்டும். 'நிஜ வாடிக்கையாளர்கள்தான் வருவார்கள்' என்று அந்த ஆள் சொன்னது போனில், சாட்டில் அதற்குப் பதிவு இல்லை என்றுதான் புகாரை மூடினார்கள்.