பழைய மவுண்டன் சைக்கிள்: பில் விலையா, விளம்பர விலையா, பழுதுக் கணக்கா?

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய மவுண்டன் சைக்கிளுக்குக் கிருஷ்ணகிரி வட்டாரத்தில் விலை வைக்க மூன்று வழிகள் உண்டு. பழைய பில்லை எடுத்து ஆண்டுக்கு இவ்வளவு என்று கழிக்கலாம். பெங்களூரு விளம்பரங்களைப் பார்த்து அதே தொகையைச் சொல்லலாம். அல்லது இன்றைய புது வண்டியின் விலையில் தொடங்கிப் பழுதுச் செலவைக் கழிக்கலாம். நான் மூன்றாவது வழியின் பக்கம்.

பில் கணக்கு எளிது, ஆனால் வாங்குபவர் அதைப் பார்ப்பதில்லை. அதே பணத்துக்கு இன்று கடையில் என்ன கிடைக்கும் என்றுதான் பார்க்கிறார். அன்று கூடுதல் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் பிரேக், இப்போது ஆரம்ப விலை வண்டியிலேயே வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி.யும் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கிவிட்டது.

விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. கைமாறிய விலை அல்ல. பெங்களூருவில் கியரின் தரம் பார்த்துப் பணம் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஓசூர்க்காரர் நாற்பது கிலோமீட்டர் கொண்டுபோய் அந்த விலையைக் கேட்டுப் பார்க்கலாம். ஊத்தங்கரையில் கல்லூரி மாணவருக்கு விற்பவரிடம் முதல் கேள்வியே, “பிரேக் நன்றாகப் பிடிக்குமா, அண்ணா?” என்பதுதான்.

பழுதுக் கணக்குக்கு ஒரு ஸ்கேல் போதும். செயினில் ஒரு பின்னின் (கண்ணிகளை இணைக்கும் சிறு ஆணி) நடுவில் வைத்து, அதிலிருந்து 24-வது பின்னின் நடுவரை அளந்தால் புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் வரும். ஒன்றரை மில்லிமீட்டர் கூடியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். மூன்று மில்லிமீட்டர் என்றால் பின் சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீலும் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். அந்தச் செலவையும் கழிக்க வேண்டியதுதான். பிறகு முன் ஃபோர்க்கை அழுத்திப் பாருங்கள். பளபளப்பான குழாயில் துருப்புள்ளியோ எண்ணெய்க் கசிவோ இருந்தால் தொகை பெரிதாகவே இறங்கும். மேலும் கீழும் ஒரே அகலமான, அந்தக் காலத்து நேர் கழுத்துக் குழாய்க்குப் பொருந்தும் தரமான ஃபோர்க் இப்போது எளிதில் கிடைப்பதில்லை.

26 அங்குலச் சக்கரம் என்பதற்காக மட்டும் விலையைக் குறைக்காதீர்கள். உயர்தர வண்டிகள் 27.5, 29 அங்குலத்துக்குப் போய்விட்டாலும், இங்கே ஆரம்ப விலை வண்டிகள் இன்னும் 26-ல் வருகின்றன. டயரும் டியூபும் உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும்.

உதாரணத்துக்கு, அதே தரத்தில் புது வண்டி இன்று 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நன்றாகப் பராமரித்த பழைய வண்டிக்குப் பாதி, 10,000. செயின், ஃப்ரீவீல், இரண்டு டயர், கூலி எல்லாம் சேர்த்து 3,000 என்றால் நியாயமான விலை 7,000. பேரத்துக்கு இடம் விட்டு 7,500 சொல்லலாம். பாதி என்பது என் அளவுகோல். இருபது ஆண்டு வண்டி என்றால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து தொடங்குவேன்.

கடையில் எக்ஸ்சேஞ்ச் கொடுத்தால் இதைவிடக் குறைவாகவே வரும். கடைக்காரரும் தன் லாபத்தைப் பார்க்க வேண்டுமே. அவசரமானால் கொடுத்துவிடலாம்.

ஃபிரேமில், குறிப்பாகக் கழுத்துக்கும் பெடல் அச்சுக்கும் அருகே வெல்டிங் ஓரத்தில், மயிரிழை விரிசல் தெரிந்தால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. சக்கரம், பிரேக், சீட் ஆகியவற்றைத் தனித்தனியாக விற்றுவிட்டு, ஃபிரேமை இரண்டாக அறுத்துப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுங்கள். முழுசாகக் கொடுத்தால் யாராவது அதற்குப் பெயின்ட் அடித்து, பள்ளிப் பிள்ளை ஒருவனின் தலையில் கட்டிவிடக்கூடும்.