கேமிங் ரவுட்டரா, லேன் கேபிளா: ஒரு வேளச்சேரி வீட்டிலிருந்து ஒப்பீடு

கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகன், மாலையில் வாலரன்ட் என்னும் இணைய ஆட்டம் ஆடும்போது பிங் (தரவு சர்வருக்குப் போய்வர ஆகும் நேரம்) திடீரென ஏறிவிடுகிறது என்று முறையிட்டு, எட்டு ஆண்டெனாக்கள் கொண்ட கேமிங் ரவுட்டர் ஒன்றை வாங்கித் தரச் சொன்னான். ரிச்சி தெருவில் விசாரித்ததில் விலை 20,000 ரூபாயைத் தாண்டியது. இணைப்போடு வந்த பெட்டி, சுமார் 4,000 ரூபாய்க்குக் கிடைக்கும் வைஃபை 6 ரவுட்டர், இந்தக் கேமிங் ரவுட்டர் ஆகிய மூன்றும் தாமதத்தை எந்த இடத்தில் குறைக்கின்றன என்று தெரியாமல் அவ்வளவு பணத்தைப் போட எனக்கு மனம் வரவில்லை.

பெரும்பாலான ஆட்டங்களுக்கு நொடிக்கு 1 மெகாபிட்கூடத் தேவைப்படாது. ஆகவே பிரச்சினை வேகத்தில் இல்லை, தாமதத்தில் இருக்கிறது. அத்தாமதம் வீட்டு வைஃபையிலும், இணைப்பின் வாயிலில் சேரும் வரிசையிலும், சர்வர் வரை செல்லும் பாதையிலும் உண்டாகிறது. பாதையை எந்த ரவுட்டராலும் சுருக்க முடியாது. ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்வதால், ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மும்பை சர்வருக்குப் போய்வரக் குறைந்தது 10 மில்லிநொடியும், சிங்கப்பூருக்கு 30 மில்லிநொடிக்குச் சற்றுக் குறைவாகவும் ஆகியே தீரும். இணைய நிறுவனம் சுற்றுவழியில் அனுப்பினால் அதை அவர்கள்தான் திருத்த வேண்டும்.

வைஃபையைப் பொறுத்தவரை, சுவருக்குச் சுவர் ஒட்டிய நம் அடுக்ககங்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை எப்போதும் நெரிசலாகவே இருக்கும்; ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அதில் மூன்றே உள்ளன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவது நல்லதுதான், ஆனால் அந்த வசதி 4,000 ரூபாய் ரவுட்டரிலும் உண்டு. கேமிங் ரவுட்டரின் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் 11000 என்பது மூன்று ரேடியோக்களின் உச்ச வேகங்களைக் கூட்டிய எண். 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இணையும், இரண்டு ஆண்டெனா கொண்ட வைஃபை 6 கைபேசிக்கு அதில் அதிகபட்சம் 1201 மெகாபிட்டே எட்டும். இவை எல்லாவற்றையும்விட உறுதியானது, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 15 மீட்டர் கேட் 6 லேன் கேபிள்.

கேமிங் ரவுட்டரின் உண்மையான பலம் வரிசையைக் கையாள்வதில் இருக்கிறது. வீட்டில் ஒருவர் கல்யாண வீடியோவை கிளவுடில் ஏற்றும்போது, பெட்டிக்குள் காத்திருக்கும் அந்தத் தரவின் பின்னால் ஆட்டத்தின் சிறு பாக்கெட்டுகளும் (தரவுத் துண்டுகளும்) நிற்க நேர்கிறது. பிங் 20இலிருந்து 200 மில்லிநொடிக்குத் தாவுவது பெரும்பாலும் இதனால்தான். கேமிங் ரவுட்டர் அந்தச் சிறு பாக்கெட்டுகளை முன்னே விடுகிறது. ஆனால் இணைப்பின் வேகத்தைவிடச் சற்றுக் குறைவான எல்லையை, 100 மெகாபிட் இணைப்பானால் 90 அல்லது 95 என்று, நாம் குறித்துக் கொடுத்தால்தான் வரிசை ரவுட்டரின் கைக்குள் வரும். இதே வேலையை ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும், ரவுட்டர்களுக்கான இலவச மென்பொருளில் உள்ள எஸ்கியூஎம் என்ற வரிசை மேலாண்மை வசதி ஆட்டம், அலுவலகக் கூட்டம் என்ற பாகுபாடின்றி எல்லாவற்றுக்கும் செய்கிறது. அது ஏறும் ரவுட்டர்கள் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கின்றன. 500 மெகாபிட்டுக்கு மேற்பட்ட இணைப்பில் மலிவான ரவுட்டரின் பிராசஸர் இந்தக் கணக்கில் திணறும் என்பது உண்மை. அங்கே விலையுயர்ந்ததற்கு ஒரு நியாயம் உண்டு. எனினும் அவ்வளவு அகலமான இணைப்பு ஒரு குடும்பத்தின் பயன்பாட்டில் அடிக்கடி நிரம்புவதில்லை.

இணைப்போடு வந்த பெட்டியில் இத்தகைய வரிசைக் கட்டுப்பாடு பொதுவாக இருப்பதில்லை. அதே சமயம், அதன் பின்னால் புதிய ரவுட்டரைச் சொருகுபவர்கள் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு, அதாவது ரவுட்டர் வேலையைச் செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் முறைக்கு, மாற்றித் தரும்படி இணைய நிறுவனத்திடம் சொல்ல வேண்டும். இல்லையேல் இணைய முகவரி மாற்றம் பெட்டியிலும் ரவுட்டரிலுமாக இரண்டு முறை நடந்து, நண்பர்களோடு குரலில் பேசுவதுகூடத் தடைபடலாம்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை போதும். கணினியிலிருந்து ரவுட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, பிங் அனுப்பிப் பாருங்கள். அதுவே எகிறினால் குறை வைஃபையில். அது 1 அல்லது 2 மில்லிநொடியில் நின்று, யாராவது கோப்பு ஏற்றும்போது மட்டும் வெளி சர்வரின் பிங் ஏறினால் குறை வரிசையில். எந்நேரமும் வெளி பிங் மட்டும் அதிகமாக இருந்தால் குறை பாதையில்.

எங்கள் வீட்டில் முதல் சோதனையிலேயே எகிறியது. கூடத்திலிருந்து கதவு நிலையின் மேல் வழியாக அவன் அறைக்குக் கேபிள் இழுத்தோம். மாலைத் தாவல்களில் பெரும்பாலானவை அன்றே நின்றன. மீதியிருந்தவை அவன் அம்மாவின் கைபேசி புகைப்படங்களை ஏற்றும் நேரத்தில் வந்தவை என்பதால், எஸ்கியூஎம் ஏறும் 4,000 ரூபாய் ரவுட்டர் ஒன்றை அடுத்த மாதம் வாங்கினோம்.