நிலவறை அமைக்க எது உகந்தது: பகடை அட்டவணையா, ஜியோமார்ஃப் துண்டுகளா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற மேசை விளையாட்டுகளை நடத்துபவர்களில் பலர், அறைகளும் பாதைகளும் கொண்ட நிலவறையைத் தற்செயலாக உருவாக்க, விழும் எண்ணைக் கொண்டு அடுத்து வருவதைச் சொல்லும் பகடை அட்டவணையை நம்புவதா, ஜியோமார்ஃப் எனப்படும் சதுர வரைபடத் துண்டுகளை அடுக்குவதா என்று தயங்குகிறார்கள்.

செலவு: அட்டவணைக்கு 20 முகப் பகடையும் கட்டம் போட்ட தாளும் போதும். துண்டுகளை வாங்கவோ, அச்சிட்டு வெட்டவோ வேண்டும்.

வேகம்: ஆட்டத்தை நடத்துபவருக்காக 1979-இல் வெளிவந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு நூலின் அட்டவணைப்படி, நடைபாதையில் குறிப்பிட்ட தூரம் சென்றதும் பகடை உருட்ட வேண்டும், 3 முதல் 5 வரை விழுந்தால் கதவு, 14 முதல் 16 வரை என்றால் அறை, 18 என்றால் முட்டுச்சந்து. அதன்பின் துணை அட்டவணைகளையும் புரட்ட வேண்டியிருப்பதால் ஆட்டம் அடிக்கடி நின்றுபோகிறது. துண்டுகளிலோ வழிகள் எல்லா விளிம்புகளிலும் ஒரே இடங்களில் திறப்பதால், எப்படித் திருப்பி வைத்தாலும் அடுத்ததோடு பொருந்திவிடும்.

வடிவம்: என்னைப் பொறுத்தவரை இதுவே முதன்மையானது. அட்டவணை சில வேளைகளில் புதிய பாதையை ஏற்கெனவே வரைந்த அறையின் மேல் கொண்டுபோய் முட்டவைக்கும். யாரும் எதிர்பாராத அமைப்புகள் பிறப்பதும் அத்தகைய மோதல்களைச் சரிசெய்யும்போதுதான். துண்டுகளோ சுற்றிவந்து சேரும் பாதைகளை எளிதில் தருகின்றன. அரக்கர்களைப் பின்புறமாக வளைக்கவும், தோற்கும் நிலையில் தப்பியோடவும் வீரர்களுக்கு அவை வழிவிடுகின்றன.

தனியாக ஆடுபவருக்கு அட்டவணையே ஏற்றது. நான்கைந்து பேர் கூடும் குழுவுக்கு, துண்டுகளை முந்தின இரவே அடுக்கிவைத்து, அறைகளுக்குள் இருப்பதை மட்டும் பகடைக்கு விட்டுவிடலாம்.