இலங்கைக் கடலில் குளிக்க டிசம்பரா, ஜூலையா?

இலங்கைக் கடற்கரைக்கு எப்போது போகலாம் என்று கேட்டால், டிசம்பர் முதல் மார்ச் வரை என்று பலரும் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். அது தெற்கு, மேற்குக் கரைகளின் கணக்கு. உனவட்டுனவில் வெயில், மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கப் படகு, கூடவே காலிக் கோட்டை. கூட்டமும் அறை வாடகையும் அப்போதுதான் உச்சம்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது ஜூலையும் கிழக்குக் கரையும். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். காரணம், தண்ணீரின் அமைதி. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மற்றதெல்லாம் அப்புறம்தான்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையில் நேராக வந்து மோதும். அங்கே மழை, கொந்தளிப்பு. அதே காற்று மலைநாட்டில் ஈரத்தைக் கொட்டிவிட்டு, கிழக்கே ‘கச்சான்’ என்கிற வறண்ட காற்றாக இறங்குகிறது. நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலை எழும்புவதில்லை. திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள நிலாவெளியில் காலையில் இடுப்பளவு நீரில் நின்றால், கால்விரல்களும் அவற்றைச் சுற்றும் பொடிமீன்களும் தெளிவாகத் தெரிந்தன. பாசிக்குடாவில் இன்னும் வசதி, வெகுதூரம் நடந்தாலும் ஆழம் வராது. பவளப்பாறை பார்க்கப் புறாத்தீவுக்குப் படகு போவதும் இந்த அமைதியை நம்பித்தான்.

ஒரே எச்சரிக்கை: காற்றடைத்த மிதவையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுக் கரையில் உட்காராதீர்கள். கரை அமைதியாகத் தெரிந்தாலும் காற்று அதைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விடும்.

வெயில் கடுமைதான், மறைக்கவில்லை. பதினொரு மணிக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது. நாங்கள் காலையிலேயே குளித்து முடித்துவிட்டு, மாலையில் கோணேசர் கோயில் பக்கம் போய்விடுவோம். ஆகஸ்ட், செப்டம்பர் என்றால் வழியில் மின்னேரியாவில் யானைக்கூட்டமும் சேரும். குளம் வற்றி, கரையில் புல் தலைகாட்டும் நேரம் அது. நாங்கள் போனபோது கூட்டம் இன்னும் சேரவில்லை, அதனால் இதைப் பார்த்தவர்கள் சொல்லக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

அலைச்சறுக்குக்காரர்களுக்கு இதே மாதங்களில், இதே கரையில் இன்னும் தெற்கே, தென்கடலிலிருந்து அலை வந்து சேரும் அறுகம்குடா இருக்கிறது. நான் பலகையில் ஏறியதில்லை, அதைப் பழகியவர்களிடம் கேட்பதே சரி.

டிசம்பரில்தான் விடுப்பு கிடைக்கும் என்றால் தயங்காமல் தெற்கே போங்கள். திருகோணமலையை மட்டும் அந்த மாதத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையில் வெளுத்து வாங்குவது நவம்பரிலும் டிசம்பரிலும்தான்.